ஆங்கில வகுப்பில் ஆய்ந்து படித்தல்

2021-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பத்தாம் வகுப்பு மாணாக்கருக்கு ஆங்கிலத் தேர்வு நடத்தியது. வினாத்தாளில் ஓர் உரைப்பகுதி தரப்பட்டு, அதன்மீது வினாக்கள் கேட்கப்பட்டிருந்தன. பெண்கள் உரிமை பெற்றதால் பிள்ளைகள்மீது பெற்றோருக்கு இருந்த அதிகாரம் அழிந்தது என்றும், மனைவி கணவனுக்குக் கட்டுப்பட்டிருந்தால்தான் பிள்ளைகள் அவளுக்குக் கட்டுப்படுவர் என்றும் அப்பகுதி கூறியது. இரண்டே நாட்களில் இச்செய்தி நாடாளுமன்றத்தில் எழுப்பப்பட்டது. வாரியம் அப்பகுதியை நீக்கியது. அதற்குரிய மதிப்பெண்களை மாணாக்கர் அனைவருக்கும் முழுமையாக வழங்கியது. வினாத்தாள் தயாரிக்கும் முறையை ஆராய வல்லுநர் குழு ஒன்றையும் அமைத்தது.

இத்தகைய பகுதி எவ்வாறு வினாத்தாளில் இடம்பெற்றது என்பதே அன்று பெரிதும் பேசப்பட்டது. கல்வியில் அக்கறை கொண்டோர் கேட்க வேண்டிய மற்றொரு வினாவும் உண்டு. அன்று தேர்வு மண்டபங்களில் அமர்ந்திருந்த மாணாக்கர் அப்பகுதியை எவ்வாறு படித்தனர்? நமது ஆங்கிலத் தேர்வுகளில் உரைப்பகுதி என்பது விசாரணைக்கு அப்பாற்பட்டது. ‘இப்பகுதியின்படி’ எது சரி என்றுதான் வினா அமைகிறது. பகுதி சொல்வது மெய்யா, அதற்குச் சான்று உண்டா, ஒரு நிகழ்ச்சிக்குப் பின் மற்றொன்று நிகழ்ந்தது என்பதாலேயே முன்னது பின்னதற்குக் காரணமாகிவிடுமா என்று எவரும் கேட்பதில்லை. தன் வீட்டு அனுபவத்தினாலேயே அக்கூற்று பொய்யென்று அறிந்த ஒரு மாணவியும், ‘பகுதியின்படி’ சரியான விடையைக் குறித்துவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்லவே பழக்கப்பட்டிருக்கிறாள். மறுத்துரைக்க விடைத்தாளில் இடமில்லை.

எழுத்தைப் படிப்பது வேறு. எழுதியவர் நம்மை எங்கே அழைத்துச் செல்கிறார், எந்த வழியாக அழைத்துச் செல்கிறார் என்று கண்டறிந்து படிப்பது வேறு. இரண்டாவதையே ஆய்ந்து படித்தல் என்கிறோம். அதற்குத் துணையாக நிற்கும் பழைய கலை ‘ரெட்டரிக்’ எனப்படும் சொல்வன்மைக் கலை. உயர்நிலைப் பள்ளி ஆங்கிலப் பாடத்தில் இவ்விரண்டுக்கும் உரிய இடம் யாது என்பது ஆங்கில ஆசிரியர்கள் மட்டும் சிந்திக்க வேண்டியதன்று. நம் நாட்டில் சட்டங்கள், ஒப்பந்தங்கள், கடன் பத்திரங்கள், காப்பீட்டு விதிகள், உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே வருகின்றன. அம்மொழியைச் சரளமாக வாசிக்கவும், ஆனால் எடைபோடாமல் ஏற்கவும் பழகிய குடிமகன் இவை அனைத்தின் முன்னும் நிராயுதபாணியாகவே நிற்கிறான்.

பழைய கலை

கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், பிறரை இணங்கச் செய்யும் வழிகளை மூன்றாக வகுத்தார். பேசுவோரின் நற்பெயரால் இணங்கச் செய்வது ஒன்று. கேட்போரின் உணர்ச்சியைத் தொட்டு இணங்கச் செய்வது மற்றொன்று. காரணங்காட்டி இணங்கச் செய்வது மூன்றாவது. மேலைநாடுகளில் சொல்வன்மை பற்றிய பாடநூல்கள் இன்றளவும் இப்பகுப்பிலிருந்தே தொடங்குகின்றன.

இது நமக்குப் புதிதன்று. நியாய சூத்திரம் விவாதத்தை வாதம், ஜல்பம், விதண்டை என மூவகையாகப் பிரிக்கிறது. உண்மையை அறியும் பொருட்டு நிகழ்வது வாதம்; வெற்றி ஒன்றையே கருதுவது ஜல்பம்; தனக்கென ஒரு கொள்கையும் இன்றி எதிரியின் கொள்கையைக் குலைப்பது மட்டுமே விதண்டை. ‘விதண்டாவாதம்’ என்று வீட்டுத் திண்ணையிலும் வழங்கும் சொல்லின் பிறப்பிடம் இதுவே. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை, பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி எனப் பிழையான அனுமானங்களை வகைப்படுத்திக் காட்டுகிறது. காரணம் போலத் தோன்றிக் காரணமல்லாதவற்றை இனங்காணும் பயிற்சி இந்நாட்டில் மடங்களிலும் விகாரங்களிலும் கற்பிக்கப்பட்டது என்பதற்கு இது போதிய சான்று. அப்பயிற்சி எல்லாக் குலத்தாருக்கும் எட்டியதா என்பது தனி வினா. எட்டவில்லை என்பதே வரலாறு.

பாடம் குறுகிய வரலாறு

1835-இல் மெக்காலேயின் குறிப்பும், அதனை ஏற்ற பெண்டிங்கின் தீர்மானமும், 1854-இல் வந்த உட்ஸ் கல்வி அறிக்கையும் ஆங்கிலக் கல்விக்கு வழிவகுத்தன. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. அவற்றின் நுழைவுத் தேர்வே உயர்நிலைப் பள்ளியின் பாடத்தை நிர்ணயிக்கலாயிற்று. இலக்கணக் கூறுபாடு, சுருக்கி வரைதல், பொருள் விளக்கம் என்பன அத்தேர்வுமுறையின் வழிவந்தவை. பிறர் எழுதியதைப் பிழையின்றிச் சுருக்கவும் நகலெடுக்கவும் தெரிந்த எழுத்தர் அன்றைய நிர்வாகத்துக்குத் தேவைப்பட்டார். எழுதியதை எதிர்த்துக் கேட்கும் எழுத்தர் தேவைப்படவில்லை.

ஆயினும் அதே ஆட்சியின் கல்வித்துறையில் பணியாற்றிய ஓர் ஆங்கிலேயர் வேறு வகையாகச் சிந்தித்தார். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளத்தில் இருமொழிக் கல்வி பற்றிய தம் நூலை 1926-இல் வெளியிட்டார். ஆயுள் காப்பீட்டுத் துறையிலிருந்து அவர் ஒரு சொல்லைக் கடன் வாங்கினார். காப்பீட்டுப் பத்திரத்தை இடையில் ஒப்படைத்தால் கைக்குக் கிடைக்கும் தொகையைச் ‘சரண்டர் மதிப்பு’ என்பர். அதுபோல், படிப்பை இடையில் நிறுத்தும் மாணவனுக்கு அதுவரை படித்ததனால் மிஞ்சுவது யாது என்று அவர் கேட்டார். பெரும்பாலான பிள்ளைகள் இறுதி வகுப்பை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடும் நாட்டில், இறுதி வகுப்பில் மட்டுமே பயன் தரும் பாடத்திட்டம் பெரும்பாலோருக்கு எதையும் தராத திட்டம் என்பது அவர் வாதம். பேச்சையும் எழுத்தையும்விட வாசிப்பையே முதலில் வளர்க்க வேண்டும், அதுவே இடையில் நின்றவனுக்கும் கைகொடுக்கும் என்றார் அவர். கல்விச் செலவைப் பற்றிப் பொருளியல் நோக்கில் சொல்லப்பட்ட கூர்மையான கருத்துகளுள் இதுவும் ஒன்று. அது பரவலாக நினைவுகூரப்படாதது வியப்புக்குரியது.

விடுதலைக்குப் பின் கோத்தாரி கல்விக் குழு, 1964 முதல் 1966 வரை ஆய்வு செய்து, உயர் கல்வியில் ஆங்கிலம் ‘நூலக மொழி’யாகப் பயன்பட வேண்டும் என்றது. நூலக மொழி எனின் வாசிப்பே அதன் உயிர். ஆனால் நூலகத்தில் ஒன்றுக்கொன்று முரணான நூல்கள் அருகருகே இருக்கும். பள்ளியிலோ ஒரே பாடநூல், ஒரே உரைநூல், ஒரே விடை. நூலக மொழியை நூலக மனப்பான்மை இன்றிக் கற்பித்தோம் என்பதே நடந்தது.

1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட இடங்களின் சில பள்ளிகளில் என்.எஸ். பிரபு நடத்திய ‘பெங்களூர் திட்டம்’ மொழி கற்பிக்கும் துறையில் உலகெங்கும் அறியப்பட்டது. இலக்கண விதியை முதலில் கற்பித்துப் பின் பயிற்சி தருவதற்கு மாறாக, ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம் போன்றவற்றைக் கொடுத்து, சிக்கல் ஒன்றுக்கு விடை காணுமாறு மாணவர்களிடம் சொன்னார்கள். விடை தேடும்போது மொழி தானே வந்து சேரும் என்பது திட்டத்தின் அடிப்படை. பிரபு பணிகளை மூன்றாகப் பகுத்தார்: செய்தியை ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கடத்துவது, தரப்பட்ட செய்தியிலிருந்து காரண காரிய முறையில் புதிய முடிவுக்கு வருவது, சொந்த அபிப்பிராயத்தை வெளியிடுவது. இவற்றுள் இரண்டாவதே வகுப்பறையில் மிகுந்த பயன் தந்தது. சரி, தவறு என்ற எல்லை இல்லாத அபிப்பிராயப் பணிகளில் தொடக்கநிலை மாணவர்கள் தடுமாறினர்.

இன்று ஆய்ந்து படித்தல் என்ற பெயரில் நடப்பவற்றுக்கு இம்முடிவு நேரடியாகப் பொருந்தும். ‘இக்கதையைப் பற்றி உன் கருத்து யாது?’ என்று கேட்பதனால் மட்டும் ஆய்வு நிகழ்ந்துவிடாது. மாணவர் தம் கருத்தைச் சொல்வார். அல்லது ஆசிரியர் விரும்பும் கருத்தைச் சொல்வார். கருத்துக்கு முன்னதாகக் காரணம் வர வேண்டும். ஆசிரியர் எந்த வாக்கியத்தால் இம்முடிவுக்கு வந்தார், இடையில் சொல்லாமல் விட்ட படி எது என்ற வினாக்களுக்கு விடை உரைப்பகுதியின் உள்ளேயே இருக்கிறது. அதைச் சுட்டிக் காட்டலாம், சரிபார்க்கலாம், மதிப்பெண்ணும் இடலாம்.

ஒரு பாடம்: அகமதாபாத், 1922

சொல்வன்மையைக் கற்பிக்க மேலைநாட்டுச் சொற்பொழிவுகளைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. 1922 மார்ச் 18-ஆம் நாள் அகமதாபாத் நீதிமன்றத்தில், ‘யங் இந்தியா’ இதழில் எழுதிய மூன்று கட்டுரைகளுக்காக இராஜத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு நின்ற காந்தியடிகள் ஆங்கிலத்தில் வாசித்த வாக்குமூலம் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணாக்கருக்கு எட்டக்கூடிய நடையில் அமைந்தது. அதனை மூன்று அல்லது நான்கு வகுப்புகளில் ஆய்ந்து படிக்கலாம்.

இது யாரை நோக்கிப் பேசப்படுகிறது என்பது முதல் வினா. நீதிபதியை நோக்கி என்பது எளிய விடை. இந்திய மக்களுக்கும் இங்கிலாந்து மக்களுக்கும் தாம் விளக்கம் தரக் கடமைப்பட்டிருப்பதாகத் தொடக்கத்திலேயே அவர் குறிப்பிடுவதால் மண்டபத்தில் இல்லாதவர்களே முதன்மையான அவையினர் என்பது தெரியவரும். அடுத்து, அவர் ஏன் தம் கதையைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து தொடங்குகிறார்? 1899 போயர் போரிலும், 1906 ஜூலுக் கிளர்ச்சியின்போதும் மருத்துவப் பணிப்படை அமைத்தது, பணிக்காகப் பதக்கம் பெற்றது, 1914-இல் லண்டனில் தொண்டர் படை சேர்த்தது, 1918-இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் திரட்டியது என வரிசையாக அடுக்குகிறார். அரசுக்கு எதிரானவர் எனக் குற்றம் சாட்டப்பட்டவர், அரசுக்குத் தாம் செய்த பணிகளை ஏன் முதலில் சொல்ல வேண்டும்? இங்கேதான் அரிஸ்டாட்டில் சொன்ன முதல் வழியை மாணவர் கண்ணால் காண்கிறார். பகைவனாகப் பிறந்தவன் பேசினால் அது பகைமை. நீண்ட காலம் ஒத்துழைத்தவன் விலகினால் விலகலுக்குக் காரணம் இருக்க வேண்டும். அந்த எண்ணத்தைக் கேட்போர் மனத்தில் விதைத்த பின்னரே ரௌலட் சட்டம், ஜாலியன்வாலாபாக், கிலாபத் ஆகியவற்றுக்கு வருகிறார்.

பின்னர்ப் பொருளாதார வாதம். கைந்நூற்பும் நெசவும் அழிக்கப்பட்டதனால் கிராமங்கள் வறுமையுற்றன என்கிறார். கிராமங்களில் கண்ணுக்குத் தெரியும் எலும்புக்கூடுகளை எந்தப் புள்ளிவிவரச் சாதுரியத்தாலும் மறைக்க முடியாது என்ற பொருள்பட ஓரிடத்தில் கூறுகிறார். இவ்விடத்தில் ஆசிரியர் நிறுத்த வேண்டும். கண்ணால் கண்டதைப் புள்ளிவிவரத்துக்கு மேலாக வைப்பது எப்போது நியாயம், எப்போது ஆபத்து? கணக்கெடுப்பவரே குற்றம் சாட்டப்பட்டவராகவும் இருக்கும்போது நேரில் கண்ட சான்றுக்கு மதிப்பு கூடும். ஆனால் இதே உத்தியைக் கையாண்டு, உண்மையான கணக்கையும் ஒருவர் தள்ளிவிட முடியும். இரண்டையும் மாணவர் சொல்லிப் பார்க்க வேண்டும்.

அதே வாக்குமூலத்தில் இரண்டு எண்கள் வருகின்றன. பஞ்சாப் இராணுவச் சட்ட வழக்குகளில் குறைந்தது 95 சதவீதத் தண்டனைகள் முற்றிலும் தவறானவை என்பது ஒன்று. இந்திய அரசியல் வழக்குகளில் தண்டிக்கப்பட்டோரில் பத்தில் ஒன்பது பேர் குற்றமற்றவர் என்பது மற்றொன்று. முன்னதைத் தாம் அவ்வழக்குகளை ஆராய்ந்து கண்டதாகச் சொல்கிறார். பின்னது தம் அனுபவத்தின் முடிவு என்கிறார். இரண்டும் ஒரே பத்தியில் வந்தாலும் ஒரே தரத்தன அல்ல. ஆராய்ந்து பெற்ற எண்ணும் அனுபவத்தால் மதிப்பிட்ட எண்ணும் எவ்வாறு வேறுபடுகின்றன என்று பதினைந்து வயது மாணவி கேட்டால் தேசப்பிதாவுக்கு அவமரியாதை செய்தவளாக மாட்டாள். நீதிமன்றத்தில் தமக்கு மிகக் கடுமையான தண்டனை வழங்குமாறு, இல்லையேல் பதவி விலகுமாறு நீதிபதியிடமே சொன்னவரின் எழுத்து அத்தகைய வினாவைத் தாங்கக்கூடியது. நீதிபதி புரூம்ஃபீல்டு ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்.

இதனோடு இணைத்துப் படிக்க வேண்டியது 1949 நவம்பர் 25-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் ஆற்றிய உரை. ஒத்துழையாமை, சட்டமறுப்பு, சத்தியாக்கிரகம் ஆகிய முறைகளை இனிக் கைவிட வேண்டும் என்று அவர் அதில் கேட்டுக்கொண்டார். காந்தியடிகளும் அம்பேத்கரும் நேர்முரணாகப் பேசுகின்றனர் என்று மாணவர் முதலில் எண்ணுவர். கவனமாகப் படித்தால் அம்பேத்கரின் வாதத்தில் ஒரு நிபந்தனை இருப்பது புலப்படும். அரசியலமைப்பு வழியான முறைகள் இல்லாத காலத்தில் பிற முறைகளுக்கு நியாயம் இருந்தது. அவ்வழிகள் திறந்த பின் அந்நியாயம் இல்லை என்பதே அவர் கூற்று. ஆகவே 1922-ஐ அது மறுக்கவில்லை. 1950-க்குப் பிந்திய காலத்தைப் பற்றியே பேசுகிறது. அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையுமாக முரண்பட்ட வாழ்க்கைக்குள் நுழையப்போகிறோம் என்று அதே உரையில் அவர் எச்சரித்ததையும் சேர்த்துப் படித்தால், திறந்த வழிகள் எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கின்றனவா என்ற மேலும் கடினமான வினா தானே எழும். நிபந்தனையைக் கவனிக்காமல் முடிவை மட்டும் எடுத்துச் செல்வது படித்தவர்களிடையே மிகுதியாகக் காணப்படும் குறை. மேடைகளில் இவ்விரு பெரியோர்களும் படும் பாடு இதற்குச் சான்று.

பாடநூல்களிலேயே இதற்கு இடம் உண்டு. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு 2007-இல் வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்பு நூலான ‘ஃபிளமிங்கோ’வில், குப்பை பொறுக்கும் சிறுவர்களையும் ஃபிரோசாபாத் வளையல் தொழிலாளர்களையும் பற்றி அனீஸ் ஜங் எழுதிய பகுதி இடம்பெற்றது. உலகின் தலைவன் என்று பொருள்படும் பெயர் கொண்ட சிறுவன் வெறுங்காலுடன் நடக்கிறான். பெயருக்கும் காலுக்கும் உள்ள முரணை வைத்தே ஆசிரியர் நம்மை இளகச் செய்கிறார். உரைநூல்கள் இதற்குத் தரும் விடை, வறுமைக்கான காரணங்களை நான்கு குறிப்புகளாகத் தொகுத்தல். யார் பேசுகிறார், யார் பேசவில்லை, வளையல் வாணிகரின் தரப்பு எங்கே என்ற வினாக்கள் தேர்வுக்கு வராதவை என ஒதுக்கப்படுகின்றன.

சொற்களின் சூழ்ச்சி

இலக்கியத்துக்கு வெளியே இப்பயிற்சியின் பயன் இன்னும் வெளிப்படையானது. ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையைப் பற்றி ஒவ்வொரு பள்ளியும் கற்பிக்கிறது. செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றும் பயிற்சி பல தலைமுறைகளாகத் தொடர்கிறது. அம்மாற்றத்தினால் வாக்கியத்திலிருந்து மறைந்துபோவது யார் என்பதை மட்டும் கற்பிப்பதில்லை. ‘குடியிருப்புகள் அகற்றப்பட்டன’, ‘தவறுகள் நேர்ந்துவிட்டன’, ‘முடிவு செய்யப்பட்டுள்ளது’ என்பவற்றில் அகற்றியவரும் தவறியவரும் முடிவு செய்தவரும் இல்லை. அலுவலகக் கோப்புகளோடு பழகியோருக்கு இந்நடையின் வசதி நன்கு தெரியும்.

‘வரை’ என்ற சிறு சொல் மற்றோர் உதாரணம். 70 சதவீதம் வரை தள்ளுபடி என்று விளம்பரம் சொல்லும்போது, ஒரே ஒரு பொருளுக்கு 70 சதவீதமும் மற்றவற்றுக்கு 5 சதவீதமும் தந்தாலும் வாக்கியம் பொய்யாகாது. தேர்ச்சி விகிதம் 40-இலிருந்து 50 சதவீதமாக உயர்ந்தால், 10 சதவீதப் புள்ளிகள் உயர்வு என்றும் கூறலாம். 25 சதவீத வளர்ச்சி என்றும் கூறலாம். இரண்டும் கணக்கின்படி சரியே. எதை எவர் தேர்ந்தெடுக்கிறார் என்பதே கவனிக்க வேண்டியது.

கடன் விளம்பரங்களில் இதன் விலை ரூபாயிலேயே தெரியும். ஆண்டுக்கு 12 சதவீத ‘நிலையான வட்டி’யில் ஒரு இலட்சம் ரூபாய் கடன், பன்னிரண்டு மாதத் தவணை. வட்டி ரூ.12,000, மாதத் தவணை ஏறத்தாழ ரூ.9,333. கடன் பெற்றவர் மாதந்தோறும் அசலின் ஒரு பகுதியைத் திருப்பித் தந்துகொண்டே வருவதால், முழு இலட்சமும் ஆண்டு முழுவதும் அவர் கையில் இருப்பதில்லை. குறைந்துவரும் நிலுவையின்மீது கணக்கிட்டால் அவர் உண்மையில் செலுத்தும் வட்டி ஏறத்தாழ 21½ சதவீதம். ‘நிலையான’ என்ற அடைமொழி உறுதியும் நம்பிக்கையும் தரும் சொல். இங்கு அது இரு மடங்குக்குச் சற்றுக் குறைந்த சுமையை மூடும் திரை. கணக்கு வகுப்பு இதனைக் கணக்காகக் கற்பிக்கும். அடைமொழியின் வேலையைக் கற்பிப்பது மொழி வகுப்பின் கடமை.

அரசு இத்துறையில் விதிகள் வகுத்துள்ளது. 2022 ஜூன் மாதம் வெளியான தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டு நெறிகள், விளம்பரத்தின் பொறுப்புத்துறப்புக் குறிப்பு அவ்விளம்பரக் கூற்றின் மொழியிலேயே, தெளிவாகப் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்கின்றன. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்களுக்கும் சிறு தொழில் கடன்களுக்கும் முக்கிய விவர அறிக்கை தர வேண்டும் என்றும், அது கடன் பெறுவோருக்குப் புரியும் மொழியில் அமைந்து ஆண்டு மொத்த வட்டி வீதத்தைக் காட்ட வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. விதி இருப்பது நன்று. அறிக்கையைக் கையில் வாங்குபவர் எந்த வரியைத் தேட வேண்டும் என அறிந்திருந்தால்தான் விதி உயிர்பெறும்.

கணினியே பிழையற்ற ஆங்கிலக் கட்டுரையை நொடியில் எழுதித் தரும் நிலை வந்தபின் இத்தேவை மேலும் பெருகியுள்ளது. முன்னெல்லாம் நல்ல நடை என்பது எழுதியவரின் உழைப்புக்கும் கல்விக்கும் ஓரளவு அடையாளமாக இருந்தது. இன்று அது எதற்கும் அடையாளமன்று.

தேர்வும் அதன் ஆட்சியும்

பாடத்திட்டம் எதைச் சொன்னாலும், தேர்வு கேட்பதையே பள்ளி கற்பிக்கும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் இதனை உணர்ந்து 2013-14 கல்வியாண்டில் திறந்த உரைத் தேர்வு முறையை ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளில் கொண்டுவந்தது. தேர்வுக்குச் சில மாதங்கள் முன்னதாகவே உரைப்பகுதிகள் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டன. மாணாக்கர் அவற்றை ஆராய்ந்து, தேர்வில் பயன்படுத்தி விடை எழுத வேண்டும். எண்ணம் உயரியது. நடந்தது வேறு. வரக்கூடிய வினாக்களுக்கான விடைகள் முன்கூட்டியே தயாராயின. மாணாக்கர் அவற்றையும் மனப்பாடம் செய்தனர். 2017-18 முதல் அம்முறை கைவிடப்பட்டது. திறந்த நூலும் மூடிய மனமும் ஒருங்கே இருக்க முடியும் என்பதை அது காட்டியது. 2026-27 முதல் ஒன்பதாம் வகுப்பில் நூலைத் திறந்துவைத்து எழுதும் மதிப்பீட்டை மீண்டும் கொண்டுவர வாரியம் 2025-இல் ஒப்புதல் அளித்துள்ளது. முந்தைய முறையில் உரைப்பகுதி முன்னரே தெரிந்ததுதான் இடர்ப்பாடாயிற்று என்பதை மறவாதிருத்தல் நலம்.

ஆங்கிலம் மட்டுமே இக்குறைக்குக் காரணம் என்று கருதுவதும் சரியன்று. பதினைந்து வயது மாணாக்கரைச் சோதிக்கும் ‘பிசா’ என்னும் பன்னாட்டு மதிப்பீட்டின் 2009-ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்டிப்பில் இமாச்சலப் பிரதேசமும் தமிழ்நாடும் கலந்துகொண்டன. 2011 டிசம்பரில் முடிவுகள் வந்தன. வாசிப்பில் அடிப்படை நிலையை எட்டியோர் தமிழ்நாட்டில் 17 சதவீதம். இமாச்சலத்தில் 11 சதவீதம். பொருளாதார ஒத்துழைப்பு நாடுகளின் சராசரியோ 81 சதவீதம். வினாக்களின் சூழல் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானது என்று அன்று ஆட்சேபம் எழுந்தது. அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ‘பிசா’ வாசிப்பை மூன்று படிகளாகக் காண்கிறது: செய்தியைக் கண்டெடுத்தல், பொருத்திப் பொருள் கொள்ளல், எண்ணிப் பார்த்து மதிப்பிடல். நமது தேர்வுகள் பெரும்பாலும் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றன. பயிற்றுவிக்காத படியில் பிள்ளைகள் ஏறவில்லை என்பதில் வியப்பு இல்லை.

2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை மனப்பாடத்தை விடுத்து ஆய்வுச் சிந்தனையை வளர்க்குமாறு வலியுறுத்தியது. அதன்வழி, 2024-25-இல் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளின் வினாத்தாள்களில் திறன் சார்ந்த வினாக்களின் பங்கு 40-இலிருந்து 50 சதவீதமாக உயர்த்தப்பட்டது. பங்கு கூடியதனால் மட்டும் தரம் கூடிவிடாது. நான்கு விடைகளுள் ஒன்றைத் தேரும் வினா எவ்வளவு நுட்பமாக அமைந்தாலும், மாணவர் தாமே ஒரு வாதத்தைக் கட்டியெழுப்புவதைச் சோதிக்காது.

ஆசிரியரும் வகுப்பறையும்

ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கவே தடுமாறும் பிள்ளைகளுக்கு ஆய்வு வாசிப்பு எதற்கு என்பது பெரும்பாலும் எழும் ஆட்சேபம். இதற்குள் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. கட்டணம் மிகுந்த நகரப் பள்ளியில் பிள்ளைகளுக்கு விவாத அரங்கும் கட்டுரைப் போட்டியும் கிடைக்கின்றன. கிராம அரசுப் பள்ளியில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்கு முன்மாதிரி விடைகளே கிடைக்கின்றன. பிற்காலத்தில் ஒருவர் ஒப்பந்தம் எழுதுவார். மற்றவர் அதில் கையெழுத்திடுவார். மைக்கேல் வெஸ்ட் கேட்ட வினா இங்கே மீண்டும் பொருந்தும். பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் மாணவனுக்கு ஷேக்ஸ்பியரின் கதைச்சுருக்கம் மிஞ்சுவதைவிட, ஓர் அறிவிப்பைச் சந்தேகத்தோடு படிக்கும் பழக்கம் மிஞ்சுவது மேல்.

மேலும், ஆய்வதை ஆங்கிலத்திலேயே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆங்கில விளம்பரம் ஒன்றைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதனைப் பற்றித் தாய்மொழியில் விவாதித்து, கண்ட முடிவை இரண்டு மூன்று எளிய ஆங்கில வாக்கியங்களில் எழுதச் சொல்லலாம். சிந்தனை தாய்மொழியில் வேகமாக நடக்கும். மொழிப் பயிற்சி முடிவை எழுதும்போது நடக்கும். பன்மொழிச் சூழலை வகுப்பறையின் வளமாகக் கொள்ளுமாறு கல்விக் கொள்கையும் கூறுகிறது. ஆங்கில வகுப்பில் தாய்மொழிச் சொல் கேட்டால் அபராதம் விதிக்கும் பள்ளிகள் இதனை ஏற்பது கடினம்.

எதையும் நம்பாத தலைமுறையை இது உருவாக்காதா என்று கேட்போரும் உண்டு. அரைகுறையாகக் கற்பித்தால் அவ்வாறு ஆகக்கூடும். எல்லாமே சூழ்ச்சி என்று முடிவு கட்டுவதும் ஆய்வன்று, விதண்டையே. ஆதலால் வலுவற்ற வாதங்களைக் குலைப்பதோடு நில்லாமல், வலுவான வாதங்கள் எதனால் வலுவாகின்றன என்று காட்டுவதற்கும் சமமான நேரம் தரப்பட வேண்டும். மாணவர் தமக்கு உடன்பாடில்லாத கட்சியின் சார்பாக ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பது இதற்குச் சிறந்த பயிற்சி.

ஆசிரியரின் நிலைதான் உண்மையான சிக்கல். நாற்பது, ஐம்பது பேர் கொண்ட வகுப்பில், ஒரே விடை இல்லாத வினாவுக்கு வந்த விடைத்தாள்களைத் திருத்த நேரம் வேண்டும். மாணவர் கேட்கும் வினாவுக்குத் தமக்கே விடை தெரியாதபோது நாற்காலியின் மதிப்புக் குறைந்துவிடும் என்ற அச்சமும் உண்டு. 1958-இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்டு இன்று பல்கலைக்கழகமாக விளங்கும் ஆங்கில நிறுவனம் போன்றவை உச்சரிப்பு, இலக்கணம், கற்பிக்கும் முறை ஆகியவற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வந்துள்ளன. வாதத்தைப் பகுத்துக் காட்டும் பயிற்சி பணியிடைப் பயிற்சியில் ஒரு வாரமேனும் இடம்பெற வேண்டும். விடைத்தாள் மதிப்பிடுவோருக்கும் அது தேவை. இன்றைய மதிப்பீட்டுக் குறிப்புகள் எதிர்பார்க்கும் சொற்களைப் பட்டியலிடுகின்றன. ‘எந்த முடிவாயினும், உரைப்பகுதியிலிருந்து இரண்டு சான்று காட்டியிருந்தால் முழு மதிப்பெண்’ என்ற குறிப்பு அவற்றில் அரிது. பள்ளிகளின் கையிலேயே விடப்பட்டுள்ள இருபது அகமதிப்பீட்டு மதிப்பெண்களில் ஐந்தை இதற்கு ஒதுக்குவதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. முந்திய நாள் செய்தித்தாளின் தலையங்கம் ஒன்றும், அதே பொருள் பற்றி வேறொரு நாளிதழ் எழுதியதும், ஒரு வகுப்பு நேரமும் போதும்.